காலையில் வெடிக்காத துவக்கு

"அந்த ஆளு வெளிய வரவே கூடாதுங்க மிஸ். அதுக்குத்தான் உங்களைத் தேடி வந்தேன்."

மதலேனா இதைச் சொன்னபோது உட்காரக்கூட இல்லை. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். உள்ளதே இரண்டு கதிரை. ஒன்றில் பாலாம்பிகை மிஸ், மற்றதில் நான். எழுந்து என் கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன். அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிஸ்ஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் காலமெல்லாம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரி, கண்டியில் தலை நரைத்தும் பேச்சு நரைக்கவில்லை. இளைப்பாறிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் பலகையை மாட்டினார். நான் எஸ்ரன். அவருடைய உதவியாளன், ஓட்டோ சாரதி, தேநீர் வாங்கி வருபவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அதைத் திறக்க எனக்கே மனம் வரவில்லை.

மதலேனாவின் கணவன் வின்சன்ட் கடுகண்ணாவையில் ஒரு நகைக்கடைக்குக் காவலாளியாக இருந்தான். முதலாளியின் இரட்டைக் குழல் துவக்கு அவன் பொறுப்பில். பகலில் அவன் தோளில், இரவில் கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அறையின் அலுமாரியில். அந்த ஜனவரித் தொடக்கத்தில் ஒரு நாள், பனி விலகாத காலையில், கடை திறக்கும்போது ஹெல்மெட் போட்ட இருவர் நுழைந்தார்கள். வின்சன்ட் துவக்கைத் தூக்கி இரண்டு விசையையும் இழுத்தான். டிக். டிக். அவ்வளவுதான். வந்தவர்களில் ஒருவன் கத்தியை இறக்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே வின்சன்ட் போய்விட்டான்.

குத்தியவனையும் கூட வந்தவனையும் பொலிஸ் அந்த வாரமே பிடித்துவிட்டது. ஆனால் ஊர் வேறொரு பெயரைத்தான் மென்று துப்பிக்கொண்டிருந்தது. முனாப். கெலிஓயாவில் துவக்குத் திருத்தும் பட்டறை வைத்திருப்பவர். சம்பவத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் துவக்கைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். கொள்ளைக்காரன் ஒருவனின் போனில் அவருடைய நம்பரும் இருந்தது. ஒரு மனிதனை உள்ளே தள்ள வேறென்ன வேண்டும்?

"வேணும்னே எதையோ பூசி, தோட்டாவைக் குத்துற ஊசியை இறுக வச்சிட்டான் மிஸ்," என்றாள் மதலேனா. "உள்ளுக்கு வெள்ளையா, மெழுகாட்டம் என்னமோ இருந்துச்சுன்னு பொலிஸ்லயே சொன்னாங்க. திங்கக்கெழம தவணை. பிணையில விட்டுருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அவன் என்னத்தைப் பூசினான்னு நீங்க கண்டுபுடிச்சு கோர்ட்டுல வைங்க."

"நான் கண்டுபிடிக்கிறது எதுவோ, அதைத்தான் சொல்லுவன் பிள்ளை," என்றார் மிஸ். "உங்களுக்கு வேணுமெண்டதைச் சொல்லமாட்டன்."

"உண்மை போதும் மிஸ். எனக்கு வேறென்னா வேணும்?"

அவள் படியிறங்கிப் போன பிறகும் மிஸ் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டோவை எடும் எஸ்ரன். எண்ணெய்க் கடைக்குப் போவம்."

"நம்ம ஓட்டோவுக்கே எண்ணெய் மாத்தி வருசமாகுது மிஸ். அதையும் அங்கேயே பார்த்துக்கலாமா?"

"வாயை மூடிக்கொண்டு ஓட்டும்."

கெலிஓயாப் பட்டறையின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. சுவரில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். பாதி அழித்திருந்தார்கள், மீதி அழியவில்லை. முனாபின் மகள் ஸனா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் யாருக்காக வந்தோம் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"அப்ப நீங்க அவங்கட பக்கம்."

"நான் துவக்கின்ர பக்கம்," என்றார் மிஸ். "உங்கட வாப்பா எண்ணெயை எப்பிடித் தெரிவு செய்யிறவர்? அதைக் காட்டும், போதும்."

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை போல. பொலிஸ்காரர்கள் வந்து போத்தல்களை அள்ளிக்கொண்டு போனார்களே தவிர, ஒன்றையும் விசாரிக்கவில்லையாம். அவள் ஒரு நீளக் கண்ணாடித் தகட்டைச் சரிவாக நிறுத்தினாள். மிஞ்சியிருந்த போத்தல்களிலிருந்து மேல் விளிம்பில் வரிசையாக ஒவ்வொரு சொட்டு விட்டாள். சொட்டுகள் இறங்கத் தொடங்கின.

"வாப்பா இதுக்குக் குதிரைப் பந்தயம்னு பேர் வெச்சீக்கிறார்," என்றாள். 

தையல் மெசின் எண்ணெய் முந்திக்கொண்டு ஓடியது. வாகன எஞ்சின் எண்ணெய் பொதுக்கூட்டத்துக்குப் போகும் மந்திரி மாதிரி ஆடி அசைந்து வந்தது.

"முதலாவதா வந்ததுக்குத்தான் வெற்றிக் கப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல. அது மிச்சம் வேகமா வழிஞ்சி போய், இரும்பு காஞ்சி துருப் புடிக்கும். கடைசியா வாறது தூசியப் புடிச்சிச் சேறாகும். நடுவுல ஓடி, மெல்லிசா ஒட்டிக்கிட்டு நிக்கிதே, இது. வாப்பா இதத்தான் போடுவார்."

அதோடு முடியவில்லை. பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒவ்வோர் எண்ணெயும் தடவிய ஆணிகள் கம்பியில் தொங்கின. எதில் முதலில் துரு வருகிறது என்று பார்ப்பதற்கு. பிறகு சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். மீன் பைக்குப் பக்கத்தில் எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"குளிருக்கு எது இறுகுதுன்னு பாக்க. உம்மா இதக் கண்டா எந்த நாளும் ஏசுவா. இப்ப ஏசுறல்ல. வாப்பா வார வரைக்கும் ஒண்டையும் தொடவேணான்னு சொல்லீக்கிறா."

எல்லாத் துண்டுகளிலும் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. ஒன்றில் மட்டும் வெள்ளையாக உறைந்திருந்தது. மிஸ் அதைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்."

"ஓ. தோட்டத்து ஆக்களும் வயல்காரரும் காட்டுப்பண்டிக்குக் காவல் வெச்சிக்கிற துவக்குக்கு இதத்தான் பூசிக்கிட்டு வாராங்க. இது ஆகாதுன்னு அவங்களுக்குக் காட்டத்தான் வாப்பா வெச்சீக்கிறார்."

நான் கைதட்டிவிட்டேன். "மிஸ், கேஸ் முடிஞ்சது! தேங்காயெண்ணெய் ஆகாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிற மனுசன் அதைப் பூசுவாரா?"

"ஆகாது எண்டு தெரியாதவன் பூசினால் அது பிழை," என்றார் மிஸ். "தெரிஞ்சவர் பூசினால் அது கொலை. இந்தப் பெட்டியை அரசாங்கச் சட்டத்தரணி கண்டால் அவருக்கு வேறொண்டும் தேவையில்லை, எஸ்ரன்."

ஸனா பெட்டிக் கதவை மூடினாள். என் நாக்கை அறுத்துப் போடலாமா என்று இருந்தது.

"அந்தப் போன் நம்பர்?" என்று மிஸ் கேட்டார்.

"குரங்கு வெரட்டுற காத்துத் துவக்கொண்டு திருத்தக் கேட்டு அவன் கோல் எடுத்தான். வாப்பா லைசன் ஈக்கிதான்னு கேட்டார். வெச்சிட்டான். அந்த ஒரு கோலுக்குத்தான் வாப்பா உள்ளுக்கு ஈக்கிறார். சீனி வருத்தக்காரர். காலுல புண். அங்க மருந்து கட்ட ஆளில்ல. இனியும் வெச்சிருந்தா காலயே எடுக்க வரும்னு டொக்டர் சொல்லீட்டார்." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மிஸ் என்னைக் கிளப்பினார். போர்வையை விட்டு வெளியே வர முடியாத குளிர். வெயில் வருவதற்குள் துவக்கைப் பார்க்க வேண்டுமாம்.

பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் ரிஸ்மி எங்களுக்குப் பழக்கம். கொட்டாவியோடு வழக்குப் பொருள் அறையைத் திறந்தார்.

"பாக்கலாம் மிஸ், தொட ஏலா. இது ஜின்னோ பேயோ புடிச்ச துவக்கு. பகல்ல இழுத்துப் பாத்தா நல்லா அடிக்கிது. விடியக் காலத்தால இழுத்தா அடிக்கிறல்ல. பகுப்பாய்வாளர்ட ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். அது வரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அந்த அறிவுக்கே ஒரு ஆளை உள்ள வச்சிருக்கிறீங்களே சார்," என்றேன். 

ரிஸ்மி என்னை முறைத்தார்.

அவரே துவக்கை நடுவில் மடித்துத் திறந்து பிடித்தார். தோட்டாக்களின் அடிப்பக்கம் வந்து உட்காரும் அந்த இரும்பு முகத்தில் இரண்டு சின்னத் துளைகள். விசையை இழுத்தால் ஊசி அதற்குள்ளால் வந்துதான் தோட்டாவைக் குத்த வேண்டும். மிஸ் ரிஸ்மியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தீக்குச்சி முனையால் துளையைத் தோண்டினார். வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திறந்தேன். உருகி, பளபளவென்று ஒரு சொட்டாக நின்றது. மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், எங்கள் வீட்டுத் தலையணை மணம்.

"ரிஸ்மி, உங்கட துவக்குக்கு ஜின் பிடிக்கேல்லை. குளிர் பிடிச்சிருக்கு," என்றார் மிஸ். "வின்சன்ட் விசையை இழுத்தது காலைக் குளிரில. ஊசி இறுகின எண்ணெயில பட்டு, தோட்டாவை மெல்லமாத்தான் தொட்டிருக்கு. நீங்கள் இழுத்துப் பாத்தது பகல் சூட்டில."

ரிஸ்மி தலையைச் சொறிந்தார். "சரி மிஸ். ஆனா தேங்காண்ணெய் இல்லாத வீடு எங்க ஈக்கிது? முனாப்ட வீட்டுலயும்தான் ஈக்கிது."

"பின்பக்கத்தைக் கழட்டுங்கோ."

அவர் திருப்புளியால் ஆணிகளைக் கழற்றிப் பின்தகட்டை எடுத்தார். உள்ளே வில்லும், ஊசியை அடிக்கும் சுத்தியலும் மெல்லிய, தெளிவான எண்ணெயில் மினுங்கின. குதிரைப் பந்தயத்தில் நடுவில் ஓடிய எண்ணெய். வெள்ளை எதுவும் இல்லை. வெள்ளை எல்லாம் முன்பக்கத் துளைகளில் மட்டும்தான்.

"பாத்தீங்களோ? முனாப் பின்னால கழட்டி, நல்ல எண்ணெய் போட்டிருக்கிறார். தேங்காயெண்ணெய் முன்னால இருந்து போயிருக்கு. துவக்கை மடிக்க மட்டும் தெரிஞ்ச, கழட்டத் தெரியாத ஆரோ விட்டது. திருத்துறவனுக்கு முன்னால விடவேண்டிய தேவையே இல்லை."

ரிஸ்மி ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கோ ஆட வேண்டும் போல இருந்தது. ஸனாவுக்கு இப்போதே போன் எடுத்துச் சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போதுதான் மிஸ் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் துவக்கை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இது விளங்கேல்லை. இஞ்ச பாருங்கோ. குழல் வாயில ஒரு தடவல், தூசி ஒட்டியிருக்கு. விசையில ஒண்டு. கைப்பிடி மரத்தின்ர அடியில ஒண்டு. மெசினுக்கு எண்ணெய் விடுற ஆள் மரத்துக்கு ஏன் விடவேணும்?"

"தெரியாத ஆள்தானே மிஸ்," என்றார் ரிஸ்மி.

நான் அந்த இடங்களை வரிசையாகப் பார்த்தேன். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்னைப் பாயில் நீட்டிக் கிடத்தி, விரலில் எண்ணெய் தொட்டு, நெற்றியில், நெஞ்சில், உள்ளங்கையில், பாதத்தில் வைப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செபம். குழல் வாய், ஊசித் துளை, விசை, அடிமரம். தலையிலிருந்து கால் வரை அதே வரிசை.

வெளியே வந்ததும் மிஸ் கேட்டார். "என்ன எஸ்ரன், வாய் பூட்டுப் போட்டுட்டுது?"

"அது எண்ணெய் விட்டது இல்லீங்க மிஸ். பூசினது. நோயாளிக்குப் பூசுவோமே, அந்த மாதிரி. செவ்வாக்கெழமைகள்ல அந்தோனியார் கோயில்ல மந்திரிச்ச எண்ணெய் குடுப்பாங்க. தேங்காயெண்ணெய்தான். எங்க ஆளுங்க வீடு வீடா வச்சிருப்பாங்க."

மிஸ் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தார். "அந்த அலுமாரியைத் திறக்கக் கூடிய ஆக்கள் எத்தினை பேர்?"

இரண்டு பேர். ஒருவர் மண்ணுக்குள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லாம விட்டா என்னாங்க? ரிஸ்மி சார் இப்பப் பார்த்ததே முனாபைக் காப்பாத்தப் போதாதா?"

"முன்னால விட்ட ஆள் ஆரெண்டு கோர்ட்டில கேப்பினம். தெரியாது எண்டால், முனாப் வேணுமெண்டே தெரியாதவன் மாதிரி விட்டார் எண்டு சொல்லுவினம். நானே அப்பிடிச் சொல்லித்தான் கம்பனிக்கு எத்தினையோ வழக்கு வெண்டனான். அந்தப் பிள்ளையின்ர தகப்பனுக்குக் காலில புண், எஸ்ரன். ஓட்டும்."

ஓட்டினேன். கடுகண்ணாவை ஏற்றம் முழுவதும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டோ மெதுவாகப் போனதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

மதலேனா அறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். புதுக் காவலாளிக்கு அறை வேண்டுமாம்; முதலாளி இரக்கமுள்ளவர், மாத முடிவு வரை இருக்கச் சொன்னாராம். சுவரில் ஒரு சின்னப் பலகைத் தட்டில் அந்தோனியார் சுரூபம். அதன் காலடியில் ஒரு சிறிய போத்தல். வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்களா மிஸ்? என்னாத்தைப் பூசினான்?"

"இருந்து கதைப்பம் பிள்ளை. வின்சன்டுக்கு அந்தத் துவக்கு பிடிச்சதோ?"

"எங்கங்க! ராவெல்லாம் தூக்கமில்ல. எவனாவது வந்தா நெஞ்சப் பார்த்துச் சுடுன்னு முதலாளி சொல்லிட்டாருன்னு பொலம்புவாரு. கோழி அறுக்கக்கூடத் தெரியாத மனுசன் மிஸ். ஒரு உசுரை எடுத்துட்டு நான் எப்பிடிப் பூசையில நன்மை வாங்கப் போவேன்னு கேப்பாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்குத்தான் நானும் செய்ய வேண்டியதைச் செஞ்சேன். துவக்கு திருத்தி வந்தப்புறம், அவரு குளிக்கப் போன நேரம் அலுமாரியைத் தொறந்து, அவரு மடிக்கிற மாதிரியே மடிச்சு, மந்திரிச்ச எண்ணெயப் பூசி வேண்டிக்கிட்டேன். நாங்க அவ்வளவு பக்தியா வச்சிருந்த துவக்கு மிஸ் அது. அதுலதான் அந்தப் பாவி கைய வச்சிருக்கான்."

மிஸ் தரையைப் பார்த்தார். எத்தனையோ பொய்யர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்து மடக்கியவர், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். நான் என்னவோ பேச வேண்டும் என்று, "தலைக்கும் இதைத்தான் வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். மடையன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஆமா. தலைக்குத்துக்கு, காய்ச்சலுக்கு, எல்லாத்துக்கும் இதுதான்." அவள் போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. "இந்தக் குளிருக்குக் காலையில வழியாது தம்பி. வெயில்ல கொஞ்சம் வச்சு..."

நிறுத்திவிட்டாள்.

போத்தலைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு என்னை. மலைநாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் அது. ஜனவரி மாதம் எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் எண்ணெய்ப் போத்தல் வெயில் காயும். வெள்ளையா, மெழுகாட்டம் என்று எங்களிடம் வந்து சொன்னதே அவள்தான்.

"மிஸ்," என்றாள். "நீங்க சொல்லுங்க. நான் இல்லைன்னு சொல்லுங்க."

"கத்தியால குத்தினவன்தான் கொலை செய்தவன், மதலேனா," என்றார் மிஸ். "வேற ஒருத்தரும் கொல்லேல்லை."

"டிக்குன்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு மிஸ். நான் உள்ளதான் இருந்தேன். ரெண்டு வாட்டியும் கேட்டேன்." 

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நான்தான் அழுதேன். அந்தத் துவக்கைப் படைத்தவனையும், நெஞ்சைப் பார்த்துச் சுடச் சொன்ன முதலாளியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், யாருக்கும் கேட்காமல், மனதுக்குள். சுரூபத்தை மட்டும் திட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

மதலேனா எழுந்து முகத்தைக் கழுவினாள். 

"அந்தப் பெரியவரு பட்டறைச் சுவத்துல எழுதினது எங்க ஆளுங்கதான். நான்தான் எழுதச் சொன்னேன்." சேலையைச் சரிசெய்தாள். "நீங்க போய்ச் சொல்ல வேணாம் மிஸ். நானே சொல்றேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

பொலிஸ் நிலையத்தில் ரிஸ்மி எதிரே கதிரை போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை அவள் உட்கார்ந்தாள். அவர் கேட்டார், அவள் சொன்னாள். துவக்கை யார் திறந்தது, எப்போது, எந்த எண்ணெய், எங்கெங்கே. தடுமாறாமல் சொன்னாள். முனாபுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை அவளாகவே சேர்த்துச் சொன்னாள். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நீதவானிடம் அறிக்கை கொடுப்பதாக ரிஸ்மி மிஸ்ஸிடம் சொன்னார். பிறகு பேனையைத் தாளில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"என்ன நோக்கத்துல எண்ணெய் பூசினீங்க?"

"யாரும் சாகக் கூடாதுன்னு, சார்."

ரிஸ்மி அதைச் சிங்களத்தில் எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்று சொல்லிவிட்டு மதலேனா கையெழுத்துப் போட்டாள்.